தடுப்பூசி சைடு எஃபெக்ட் ஒரு நாட்டையே எவ்வளவு பாதிக்குதுன்னு கணக்கு போடறது எப்படி? ரோட்டா சொட்டு மருந்த வச்சு ஒரு பாடம்

ஊசி போட்டதுக்கப்புறம் இத்தன பேருக்கு இது வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல ஒரு நம்பர் சுத்தும், அதுக்கு பதிலா இன்னொருத்தர் அதெல்லாம் கோடில ஒருத்தருக்குத்தான்னு அடிச்சு விடுவாரு, ரெண்டு பேரும் சொல்றது பாதி கணக்குதான். முழுசா போடணும்னா நாலு நம்பர் வேணும்: எத்தன டோஸ் போட்டாங்க, மருந்தே கொடுக்கலன்னாலும் அந்த வியாதி எத்தன பேருக்கு வந்திருக்கும், வந்தவங்களுக்கு கடைசில என்ன ஆச்சு, மருந்தால எத்தன பேர் தப்பிச்சாங்க. இதுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மிச்ச மூணும் உங்கள தப்பான எடத்துல கொண்டு போய் விட்டுரும். பொத்தாம்பொதுவா சொன்னா மண்டைல ஏறாது, அதனால ஒரே கேஸ எடுத்து கடைசி வரைக்கும் போறேன்.

1998 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ரோட்டாஷீல்டுன்னு ஒரு சொட்டு மருந்துக்கு லைசென்ஸ் கொடுத்தாங்க, கைக்குழந்தைங்களுக்கு வர்ற ரோட்டா வைரஸ் பேதிய தடுக்கறதுக்கு, 2, 4, 6 மாசத்துல மூணு தடவ. ஒரு வருஷம் கூட முழுசா ஓடல, 1999 ஜூலைல அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி நிறுத்தி வைக்க சொல்லிட்டாங்க, அக்டோபர்ல கம்பெனியே வாபஸ் வாங்கிருச்சு. காரணம் குடல் செருகல். குடலோட ஒரு துண்டு பக்கத்து துண்டுக்குள்ள போய் சொருகிக்கும், ரத்த ஓட்டம் நின்னு போச்சுன்னா அந்த எடம் அழுகிரும். குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழும், காலை வயித்தோட மடக்கும், வாந்தி எடுக்கும், மலத்துல ரத்தமும் சளியுமா வரும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு போயிட்டா ஆசனவாய் வழியா காத்த செலுத்தியே பெரும்பாலும் சரி பண்ணிருவாங்க, லேட்டானா ஆபரேஷன், ரொம்ப லேட்டானா உயிருக்கே ஆபத்து. இந்த "லேட்டானா"ங்கறத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி மொத்த கணக்கையும் புரட்டிப் போடப் போறது அதுதான்.

மொத வேலை, எத கேஸ்னு எண்ணப் போறீங்கன்னு எழுதி வைக்கறது. குழந்தை அழுதுச்சு, வயிறு உப்புச்சு, இதெல்லாம் குடல் செருகல் ஆகாது. ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கணும், இல்ல காத்து செலுத்தினப்ப தெரிஞ்சிருக்கணும், இல்ல ஆபரேஷன்ல கண்ணால பாத்திருக்கணும். பிரைட்டன் கொலாபரேஷன்னு ஒரு குழு இந்த மாதிரி ஒவ்வொரு சைடு எஃபெக்டுக்கும் எவ்வளவு உறுதின்னு லெவல் போட்டு வரையறை வச்சிருக்காங்க, அதையே எடுத்துக்கோங்க, சொந்தமா கண்டுபிடிக்காதீங்க. இன்னொண்ணு, கேஸ் ஷீட்ட படிச்சு இது குடல் செருகலா இல்லயான்னு முடிவு பண்றவருக்கு அந்த குழந்தை மருந்து குடிச்சுதா இல்லயான்னு தெரியவே கூடாது. தெரிஞ்சா சந்தேகமான கேஸெல்லாம் ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுரும்.

அடுத்தது டினாமினேட்டர், அதாவது எத்தன டோஸ். கேக்க ஈஸியா இருக்கும், நெறைய பேர் சறுக்கறது இங்கதான். கம்பெனி அனுப்பின டோஸ் வேற, குழந்தை வாய்க்குள்ள போன டோஸ் வேற, நடுவுல ஃபிரிட்ஜ்ல காலாவதியானது, திறந்துட்டு மிச்சம் கொட்டினது எல்லாம் இருக்கு. அனுப்பின நம்பர போட்டு வகுத்தா ரிஸ்க் கம்மியா தெரியும். மொத டோஸ், ரெண்டாவது, மூணாவதுன்னு தனித்தனியாவும், எந்த வயசுல போட்டாங்கன்னும் பிரிச்சு வேணும், மொத்தமா ஒரு நம்பர் மட்டும் வாங்கிட்டு வந்தா அப்புறம் திரும்ப போய் நிக்கணும்.

இப்ப பேக்கிரவுண்ட் ரேட். மருந்து வர்றதுக்கு முன்னாடியும் குழந்தைங்களுக்கு குடல் செருகல் வந்துட்டுதான் இருந்துச்சு. நியூயார்க் ஆஸ்பத்திரி ரெக்கார்டு படி ஒரு வயசுக்குள்ள இருக்கற ஒரு லட்சம் குழந்தைங்கள்ல வருஷத்துக்கு 51 பேருக்கு. ரோட்டாஷீல்டு சுமார் 15 லட்சம் டோஸ் போட்டிருந்தாங்க. ஒவ்வொரு டோஸுக்கும் பின்னாடி வர்ற ஒரு வாரத்த பாருங்க: 15 லட்சத்த 7 ஆல பெருக்கி 365 ஆல வகுத்தா கிட்டத்தட்ட 28,800 குழந்தை-வருஷம் (28,800 குழந்தைங்கள ஒரு முழு வருஷம் பாத்ததுக்கு சமம்), அத லட்சத்துக்கு 51ஆல பெருக்கினா 14.7. அதாவது மருந்து ஒண்ணுமே பண்ணலன்னாலும், சும்மா தற்செயலாவே டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள்ள 14, 15 குழந்தைங்களுக்கு வந்திருக்கணும்.

வேர்ஸ்ங்கற அமெரிக்க ரிப்போர்ட்டிங் சிஸ்டத்துல 1999 ஜூலை ஆரம்பம் வரைக்கும் வந்தது மொத்தம் 15 கேஸ், அதுல ஒரு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சது 12. எதிர்பாத்தது 14.7, வந்தது 12, அப்ப மருந்து மேல தப்பில்லனு ஃபைல மூடிரலாம்ல? மூடியிருந்தா போச்சு. வேர்ஸ் மாதிரி சிஸ்டத்துல டாக்டரோ பெத்தவங்களோ தானா வந்து எழுதினாத்தான் பதிவாகும், நடந்ததுல ஒரு பங்குதான் உள்ள வரும், எவ்வளவு பங்குன்னு யாருக்கும் தெரியாது. அரைகுறையா வர்ற சிஸ்டத்துலயே எதிர்பாத்த அளவுக்கு பக்கத்துல வந்து நிக்குதுன்னா அதுவே உறுத்தணும். அதோட அந்த 15ல 13 மொத டோஸுக்கு அப்புறம். தற்செயல்னா மூணு டோஸுக்கும் பரவலா இருக்கணும், இப்படி ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்காது. அந்த குமியலயும், மின்னசோட்டா, வடக்கு கலிஃபோர்னியா ரெண்டு எடத்துல இருந்து வந்த ஆரம்ப கட்ட ஆய்வு நம்பரையும் பாத்துதான் சிடிசி பிரேக் போட்டாங்க, வேர்ஸ் எண்ணிக்கைய மட்டும் பாத்து இல்ல. என்னைக் கேட்டா இந்த மொத்த கதைல பாராட்டணும்னா அந்த முடிவத்தான் பாராட்டணும்.

இங்க ஒரு பொறி இருக்கு. குடல் செருகல் வயச பொறுத்து ரொம்ப மாறும், பொறந்த மொத ரெண்டு மாசத்துல ரொம்ப கம்மி, அப்புறம் சரசரன்னு ஏறி 4 மாசத்துல இருந்து 9, 10 மாசம் வரைக்கும் உச்சத்துல இருக்கும். டோஸ் போடறதும் அதே ஏறுமுகத்துலதான். அதனால வருஷ சராசரி 51ஐ எல்லா வயசுக்கும் அப்படியே போட்டா 2 மாச குழந்தைக்கு எதிர்பார்ப்பு ஜாஸ்தியாவும் 6 மாச குழந்தைக்கு கம்மியாவும் வந்து நிக்கும். வார வயசு வாரியா பேக்கிரவுண்ட் ரேட் எடுங்க. அதுவும் உங்க ஊர்ல இருந்து எடுங்க, நாட்டுக்கு நாடு இது பல மடங்கு மாறுது.

சரி, சந்தேகம் வந்துருச்சு, உறுதி பண்றது எப்படி? அமெரிக்காவுல 19 மாநிலத்துல கேஸ்-கன்ட்ரோல் பண்ணாங்க. குடல் செருகல் வந்த 429 குழந்தைங்க, வராத 1,763 குழந்தைங்க, ரெண்டு பக்கமும் எத்தன பேர் மருந்து குடிச்சாங்கன்னு பாத்தாங்க, வந்தவங்கள்ல 74, வராதவங்கள்ல 226. மொத டோஸ் முடிஞ்சு 3ல இருந்து 14 நாளுக்குள்ள பாத்தா 21.7 மடங்கு அதிகம். பேப்பர்ல தலைப்பு போட இது போதும், ஆனா இத வச்சு ஊரு பாதிப்ப சொல்ல முடியாது. ரொம்ப அரிதா வர்றது 21 மடங்கானாலும் அரிதாத்தான் இருக்கும். அதே ஆய்வுல மருந்து குடிச்ச 4,670ல இருந்து 9,474 குழந்தைங்களுக்கு ஒண்ணு வீதம் கூடுதல் கேஸ்னு வந்துச்சு, பின்னாடி நிபுணருங்க உக்காந்து பேசி சுமார் 10,000க்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டாங்க. உங்களுக்கு வேண்டியது இந்த "கூடுதல்" நம்பர்தான். மடங்க யாராவது காட்டினா எத்தனைல இருந்து எத்தனைன்னு கேளுங்க.

கன்ட்ரோல் குழந்தைங்கள, அதாவது ஒப்பிட்டுப் பாக்க நோய் வராத குழந்தைங்கள தேடறது பெரிய தலைவலி, அதுக்கு மாத்தா செல்ஃப் கன்ட்ரோல்டு கேஸ் சீரிஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபேரிங்டன்னு ஒரு புள்ளியியல்காரர் 1995ல எழுதினது, எனக்கு ரொம்ப புடிச்ச முறை. நோய் வந்த குழந்தைங்க மட்டும் போதும். ஒரே குழந்தையோட வாழ்நாள்ல டோஸுக்கு அப்புறம் வர்ற ஆபத்து நாள்களையும் மிச்ச நாள்களையும் ஒப்பிடறோம், அதனால ஏழை பணக்காரன், குண்டு ஒல்லி, தாய்ப்பால் புட்டிப்பால் எல்லா வித்தியாசமும் தானா அடிபட்டு போயிரும், மாறாதது எதுவும் கணக்க கெடுக்காது. மாறற வயச மட்டும் நாம சரி பண்ணனும். கற்பனை நம்பர் வச்சு பாப்போம்: 40 குழந்தைங்க, ஒவ்வொருத்தரையும் 180 நாள் பாத்தோம், அதுல மொத டோஸுக்கு அப்புறம் 7 நாள் ஆபத்து நாள். அந்த 7 நாள்ல 8 கேஸ், மிச்ச 173 நாள்ல 32 கேஸ். 8ஐ 7ஆல வகுத்தா 1.14, 32ஐ 173ஆல வகுத்தா 0.185, ஒண்ண ஒண்ணால வகுத்தா சுமார் 6.2 மடங்கு. அந்த 8ல தற்செயலா வந்திருக்க வேண்டியது 1.3, மருந்து தலைல எழுத வேண்டியது 6.7. இந்த 6.7ஐ அந்த ஏரியாவுல போட்ட மொத டோஸ் எண்ணிக்கையால வகுங்க, கூடுதல் ரிஸ்க் வந்துரும். ஒரு எச்சரிக்கை, குடல் செருகல் வந்த குழந்தைக்கு அதுக்கப்புறம் டாக்டருங்க ரோட்டா மருந்து தர மாட்டாங்க, அதனால சாதா முறைய அப்படியே ஓட்டினா விடை கோணும், அதுக்குன்னு இருக்கற மாத்து வடிவத்த யூஸ் பண்ணுங்க.

நம்ம நாட்டு ரோட்டா மருந்தான ரோட்டாவாக்க இப்படித்தான் செக் பண்ணாங்க. டெல்லி, புனே, வேலூர்ல 6,799 குழந்தைங்கள வச்சு டிரயல் நடந்துச்சு, 2016ல அரசு திட்டத்துக்குள்ள வந்துச்சு. 6,799 பேர வச்சு 10,000ல ஒண்ண புடிக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். இதுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு: ஒரு சைடு எஃபெக்ட் டிரயல்ல ஒருத்தருக்கும் வரலன்னா, 3ஐ ஆளுங்க எண்ணிக்கையால வகுங்க, உண்மையான ரிஸ்க் அந்த அளவு வரைக்கும் இருக்கலாம். 3,000 பேர்ல யாருக்கும் வரலன்னா 1,000ல ஒண்ணு வரைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, "டிரயல்ல யாருக்குமே வரல"ங்கறதுக்கு அவ்வளவுதான் அர்த்தம். ரோட்டாஷீல்டு டிரயல்கள்லயே மருந்து குடிச்ச 10,054 பேர்ல 5 பேருக்கு வந்துச்சு, டம்மி குடிச்ச 4,633 பேர்ல ஒருத்தருக்கு, அத வச்சு எதுவும் உறுதியா சொல்ல முடியல. அதனாலதான் அடுத்து வந்த ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் ரெண்டுக்கும் தலா 60,000க்கு மேல குழந்தைங்க. ரோட்டாவாக்குக்கு, மருந்து திட்டத்துல வந்தப்புறம் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள்ல குடல் செருகலோட வந்த குழந்தைங்கள வச்சு கேஸ் சீரிஸ் பண்ணாங்க, 2020ல வெளியான விடைல ரிஸ்க் ஏறினதா தெரியல.

இப்ப முக்கியமான எடம், இதெல்லாம் சேத்து மொத்த பாதிப்பு எவ்வளவு. ஜுரமும் சாவும் ஒரே தராசுல நிக்கணும்னா டாலின்னு ஒரு அலகு இருக்கு, இழந்த ஆயுள் வருஷம் கூட்டல் நோயோட கழிச்ச வருஷம், நோய் வருஷத்துக்கு கடுமைய பொறுத்து 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு வெயிட். லேசான ஜுரத்துக்கு 0.006, கடுமையான வயித்து கோளாறுக்கு 0.324ன்னு உலக நோய்ச்சுமை ஆய்வுல இருக்கு. ஒரு ஊசியால 10,000 குழந்தைங்களுக்கு ஒரு நாள் ஜுரம் வந்துச்சுன்னு வைங்க, 10,000 பெருக்கல் 0.006, வகுத்தல் 365, வர்றது 0.16 வருஷம். பத்தாயிரம் வீட்டுல ராத்திரி தூக்கம் போனது கணக்குல இவ்வளவுதான். அம்மாக்களுக்கு இது அநியாயமா தெரியும், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரியுது, ஆனா வெயிட் போடறதே அதுக்குத்தான்.

குடல் செருகலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவுல புது ரோட்டா மருந்துகள வச்சு போட்ட கணக்குல லட்சம் குழந்தைங்களுக்கு 5.6 கேஸ் கூடுதல். அத எடுத்துப்போம். 5.6 பேர் தலா 10 நாள் அவஸ்தைப்பட்டா, அந்த 0.324 வெயிட்டயும் பெருக்கி, 0.05 வருஷம், ஒண்ணுமே இல்ல. ஆனா அதுல 5 சதவீதம் இறக்கறாங்கன்னு வைங்க (இது நான் வேணும்னே கூட்டி வச்ச நம்பர்), 0.28 சாவு, ஒரு குழந்தைக்கு 70 வருஷம்னா கிட்டத்தட்ட 20 வருஷம். பாத்தீங்களா, 0.05 எங்க, 20 எங்க. மொத்த பாதிப்பயும் முடிவு பண்றது எத்தன பேருக்கு வந்துச்சுங்கறது இல்ல, வந்த குழந்தை எத்தன மணி நேரத்துல சர்ஜன்கிட்ட போய் சேந்துச்சுங்கறதுதான். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற நாட்டுல அந்த 20 கிட்டத்தட்ட பூஜ்யம், இல்லாத நாட்டுல இன்னும் மேல போகும்.

எதிர்பக்கம் எழுதாம இத மட்டும் வச்சு பேசாதீங்க. மருந்து வர்றதுக்கு முன்னாடி இந்தியாவுல ரோட்டா பேதியால வருஷத்துக்கு சுமார் 78,500 குழந்தைங்க இறந்தாங்கன்னு ஒரு மதிப்பீடு. வருஷம் 2.7 கோடி குழந்தை பொறக்குதுன்னா லட்சத்துக்கு 290. மருந்து பாதிய தடுக்குதுன்னு வச்சுக்கிட்டா (ரோட்டாவாக் கடுமையான பேதிய தடுத்தது 50 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல) 145 உயிர் மிச்சம். எதிர்ல 0.28. கணக்கு தலைகீழாகணும்னா நாம வச்ச ரிஸ்க் 500 மடங்கு ஏறணும். ஒரு நம்பர் எவ்வளவு ஏறினா முடிவு மாறும்னு இப்படி பாக்கறது, நம்பர் கரெக்டா தெரியாதப்ப செய்யக்கூடிய உருப்படியான வேலை.

இதே ரோட்டாஷீல்ட அமெரிக்காவுல வச்சு போடுங்க. அங்க வருஷத்துக்கு ரோட்டாவால இறந்தது 20ல இருந்து 60 குழந்தைங்க, 40 லட்சம் பிறப்புக்கு. லட்சத்துக்கு அரையில இருந்து ஒண்ணரை. எதிர்பக்கம் லட்சத்துக்கு 10 குடல் செருகல். உயிர் கணக்கு மட்டும் பாத்தா அங்கயும் மருந்துக்கு சாதகமாத்தான் வந்திருக்கும், ஆஸ்பத்திரி சேர்க்கையும் வருஷத்துக்கு 55,000க்கு மேல இருந்துச்சு, ஆனா நல்லா இருந்த குழந்தைய மருந்து கொடுத்து ஆபரேஷன் டேபிள்ல படுக்க வைக்கறத அங்க யாரும் ஏத்துக்க தயாரா இல்ல, பேதிக்கு டிரிப் ஏத்த ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கறப்ப அது புரியுது. பிரச்சனை என்னன்னா அங்க எடுத்த முடிவு உலகத்துக்கே முடிவாயிருச்சு. அடுத்த மருந்து அமெரிக்காவுல 2006லதான் வந்துச்சு, நடுவுல வருஷா வருஷம் லட்சக்கணக்குல குழந்தைங்க ரோட்டாவால போனாங்க, பெரும்பாலும் ஏழை நாடுகள்ல. அதனால விடை எழுதறப்ப எந்த நாட்டுக்கு, எந்த வயசுக்குன்னு சேத்தே எழுதுங்க.

வயசுன்னதும் பிரிட்டன் ஞாபகம் வருது. 2021 ஏப்ரல்ல ஆஸ்ட்ராஜெனிகா கொரோனா ஊசியோட ரத்தக்கட்டு பிரச்சனைக்கு, புள்ளிவிவரத்த மக்களுக்கு புரியவைக்கற கேம்பிரிட்ஜ் வின்டன் சென்டர் ஒரு படம் போட்டாங்க. தொற்று கம்மியா இருந்தா, 16 வாரத்துல, லட்சம் பேருக்கு: 60-69 வயசுல ஐசியு போகாம தப்பிச்சது 14.1, ஊசியால கடுமையா பாதிக்கப்பட்டது 0.2. 20-29 வயசுல தப்பிச்சது 0.8, பாதிக்கப்பட்டது 1.1. தொற்று அதிகமா இருந்தா அதே 20-29ல தப்பிக்கறது 6.9. எல்லா வயசயும் கலக்கி ஒரே சராசரி போட்டிருந்தா இளசுங்களோட அந்த 1.1 காணாமயே போயிருக்கும். 30 வயசுக்கு கீழ வேற ஊசி கொடுங்கன்னு முடிவெடுத்தது இத பாத்துதான்.

இன்னொரு பாதிப்பு எக்ஸெல் ஷீட்ல உக்காராம வெளிய நிக்கும், அது பயம். ஜப்பான்ல ரெண்டு குழந்தைங்க இறந்ததும் 1975ல கக்குவான் இருமல் ஊசிய நிறுத்தினாங்க, போடறவங்க சுமார் 80 சதவீதத்துல இருந்து 10 சதவீதமா இறங்கி, 1979ல 13,000 கேஸ், 41 சாவு. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல 2008 ஏப்ரல்ல தட்டம்மை ஊசிக்கு அப்புறம் 4 குழந்தைங்க இறந்தாங்க, அதுக்கப்புறம் ஊருக்குள்ள வந்து போடறத நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரணும்னு ஆச்சு. தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் போட்ட குழந்தைங்க 2005-06 தேசிய குடும்ப நல சர்வேல 80.9 சதவீதம், 2015-16ல 69.7, அப்புறம் அடுத்த சர்வேல 89.2. அந்த இறக்கம் பூராவும் இதனாலன்னு சொல்ல முடியாது, ஆனா இதுக்கு பங்கே இல்லன்னும் சொல்ல முடியாது, ஷீட்ல ஒரு வரி இதுக்கும் ஒதுக்குங்க.

எல்லாம் முடிஞ்சு முடிவெடுக்கறவங்க மேசைக்கு போறப்ப எப்படி இருக்கணும்னா, இதே ரோட்டாவுக்கு 2012ல போட்ட கணக்க பாருங்க. குடல் செருகல் பயத்துல மொத டோஸ 15 வாரத்துக்குள்ள போட்டாத்தான்னு உலக சுகாதார நிறுவனம் விதி வச்சிருந்துச்சு, ஏழை நாடுகள்ல நெறைய குழந்தைங்க லேட்டாத்தான் வரும், அவங்களுக்கு மருந்தே கிடைக்கல. விதியோட போனா 1,55,800 ரோட்டா சாவு தடுக்கலாம், 253 குடல் செருகல் சாவு வரலாம். விதிய எடுத்துட்டா 2,03,000 தடுக்கலாம், 547 வரலாம். ரெண்டு பக்கமும் ஒரே அலகு, ஒரே காலம், "எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன"ன்னு நேருக்கு நேர். விதிய தளர்த்தினாங்க.

உங்க ஷீட்டயும் அப்படியே பக்கத்து பக்கத்துல ரெண்டு வரிசையா போடுங்க, ரெண்டுக்கும் லட்சத்துக்கு இத்தனன்னே எழுதுங்க, ஒண்ணுல சதவீதம் இன்னொண்ணுல மடங்குன்னு கலக்காதீங்க, ஒவ்வொரு நம்பருக்கும் குறைஞ்சது எவ்வளவு கூடினது எவ்வளவுன்னு பக்கத்துலயே இருக்கட்டும். நோய் வந்தவங்கள்ல இறக்கறவங்க சதவீதம் இருக்கற செல்ல மட்டும் மஞ்ச கலர் அடிச்சு வைங்க, உங்க மாவட்டத்து ஆஸ்பத்திரி நம்பர் கையில கிடைச்ச அன்னைக்கு மொதல்ல மாத்த வேண்டியது அதத்தான்.